வீட்டு நினைவு நூலை ஊர் ஊராகச் சுற்றுக்கு விடுவது எப்படி: ராமநாதபுரம் கடற்கரைக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் அய்யா ஓடாவி. மரத்தில் வள்ளம் கட்டியவர். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது நாலு நோட்டு, அச்சில் 144 பக்கம். அதன் மூன்று பிரதிகள் இப்போது தொண்டிக்கும் சாயல்குடிக்கும் இடையே கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதைப் பார்த்து இன்னும் ஐந்தாறு குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கதையையும் இப்படி விடக் கிளம்பின. பாதி நடுவழியில் நின்றுவிட்டது.

நின்றவர்கள் எல்லோரும் தடுக்கி விழுந்தது ஒரே இடம்தான். முதலில் புத்தகத்தை அடித்தார்கள்; யார் கையில் கொடுப்பது என்பதை அப்புறம் யோசித்தார்கள். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். அச்சகம் ஐந்தாவது படியில்தான் வருகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கதையில் வருகிறவர்களில் உயிரோடு இருப்பவர்களின் பட்டியல். ஒரு தனி போன் எண் (வீட்டுப் பெண்களின் எண்ணைப் புத்தகத்தில் போடாதீர்கள், நேரங்கெட்ட நேரத்தில் அழைப்பு வரும்). ஐந்து பிரதி அடிக்கப் பணம். கணக்கு எழுத ஒரு நோட்டு.

ஐஎஸ்பிஎன் (கடைப் புத்தகங்களுக்குத் தரும் அடையாள எண்) வேண்டுமா என்று கேட்காத ஆள் இல்லை. சுற்றுக்கு மட்டும் என்றால் தேவையில்லை. கடையில் விற்கப் போகிறீர்கள் என்றால் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. ஆனால் பதிப்பாளராக இறங்கிவிட்டால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா போன்ற நூலகங்களுக்குப் பிரதி அனுப்பும் பொறுப்பும் சேர்ந்துகொள்ளும்.

1. வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்

தாளைக் கையில் கொடுத்து "பார்த்துச் சொல்லுங்க" என்றால் அது சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விடும். நேரில் உட்கார்ந்து, அவரைப் பற்றிய பக்கங்களை மட்டும் உரக்க வாசியுங்கள். கேட்கும்போதுதான் எந்த வரி உறுத்துகிறது என்று முகத்தில் தெரியும்.

அய்யா சொன்னதில் ஒரு வரி: "மரம் எடுக்கப் பணமில்ல. தங்கச்சி தோட்டை வாங்கி அடகு வச்சேன். கடைசி வரைக்கும் மீட்கல." அவருக்கு அது மனசில் கிடந்த பாரம். அத்தைக்கோ அது மருமக்கமார் காதுக்குப் போகக் கூடாத சங்கதி. வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவர் அந்த இடத்தில் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, "தோடுன்னு போடாத. பணம்னு போடு" என்றார். மாறியது ஒரு சொல்தான். இன்று யாராவது அந்தப் புத்தகத்தைக் குறை சொன்னால் முதலில் சண்டைக்குப் போவது அத்தைதான்.

கடன், நிலம், கல்யாணம் இந்த மூன்றும் வரும் இடத்தையெல்லாம் பென்சிலில் வட்டமிட்டு வையுங்கள். நம் கரையில் நாலாவது ஒன்றும் உண்டு: அக்கரைக்கு, அதாவது இலங்கைக்குப் போனது, பிடிபட்டது, வழக்கு நடந்தது. ஆள் உயிரோடு இருந்தால் பெயரை எடுத்துவிடுங்கள். கதை நிற்கும். பெயர் போனால் அவருக்கு ஒரு தொல்லை குறையும்.

கடிதங்களைச் சேர்ப்பதாக இருந்தால் ஒரு விஷயம். கொழும்பிலிருந்து பெரியப்பா போட்ட கடிதம் உங்கள் பெட்டியில் இருக்கலாம். அதிலுள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவர் வாரிசுக்கும்தான். அந்த உரிமை எழுதியவர் இறந்த பிறகும் பல ஆண்டு நிற்கும். பெரியப்பா பிள்ளைகளிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2. எழுத்தை ஒரு தேதியில் மூடுங்கள்

புதிதாக ஏதாவது நினைவு வந்துகொண்டேதான் இருக்கும். அதையெல்லாம் சேர்க்கப் போனால் புத்தகம் வீட்டை விட்டு வெளியே வராது. ஒரு தேதி வைத்து மூடுங்கள். பிறகு வருவதை வாசகர் குறிப்போடு சேர்த்துக்கொள்ளலாம். அதற்குத்தான் பின்னால் வெற்றுப் பக்கம் விடப் போகிறோம்.

மூடுவதற்கு முன் மூன்று இடங்களைச் சரிபாருங்கள். நம் கடற்கரை நினைவு நூல்கள் எல்லாவற்றிலும் இந்த மூன்றும் குழம்புகின்றன.

முதலாவது புயல். "புயலடிச்ச வருஷம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ராமேஸ்வரம் தீவுக்காரருக்கு அது 1964 டிசம்பர், தனுஷ்கோடி போனது. கீழக்கரைப் பக்கத்தாருக்கு 1978 நவம்பரும் புயல் வருஷம்தான். ஆண்டைப் போடாமல் விட்டால் இரண்டு ஊர் வாசகரும் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டு, உங்கள் அத்தைக்குப் பதினாலு வயதைக் கூட்டிவிடுவார்கள்.

இரண்டாவது பாலம். 1914-இல் வந்த ரயில் பாலமா, 1988-இல் திறந்த சாலைப் பாலமா, 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலமா? "பாலம் வந்த பிறகு" என்று விட்டால் பேரப்பிள்ளைகள் கடைசிப் பாலத்தைத்தான் நினைப்பார்கள்.

மூன்றாவது ஜில்லா. 1985-க்கு முன் சிவகங்கையும் விருதுநகரும் ராமநாதபுரத்துக்குள்தான் இருந்தன. "நம்ம ஜில்லாவுல இருந்துதான் தீப்பெட்டி வரும்" என்று அய்யா சொன்னதை இன்றைய பிள்ளை வாசித்தால் திகைக்கும். அடிக்குறிப்பாக ஒரு வரி போதும்.

அடுத்து, தொழில் சொற்கள். பலகை இடுக்கில் பஞ்சு வைத்து அடைப்பதை நாங்கள் கலப்பத்து என்போம். மெய்ப்புப் பார்த்த தம்பி நல்ல மனதோடு அதைக் 'கலப்பு' என்று திருத்தி வைத்திருந்தான். ஏரா, வங்கு, கச்சான், சோழகம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். திருத்தக் கூடாத சொற்களின் பட்டியலை மெய்ப்புக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். அதே பட்டியலைப் புத்தகத்தின் பின்னால் பொருளோடு போட்டுவிடலாம். ஏராவென்றால் வள்ளத்தின் அடிமரம், வங்கு விலாச்சட்டம், கச்சான் மேல்காற்று, சோழகம் தென்காற்று என்று ஒன்றரைப் பக்கம்.

தட்டச்சுக் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்துத் தந்தால் வாங்காதீர்கள். வேறு கணினியில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். யூனிகோடில் கேளுங்கள்.

3. பொறுப்பாளர்களைப் பிடியுங்கள்

வேலையின் பாதி இதில்தான் இருக்கிறது. சுற்றுக்கு விட்ட புத்தகத்தை யாரும் திருடுவதில்லை. வாசித்து முடித்த ஆளுக்கு அடுத்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பரணுக்குப் போய்விடுகிறது. ஊருக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தால் பரணில் இருந்து இறங்கும்.

முதலில் எந்த மாதிரிச் சுற்று என்று முடிவு செய்யுங்கள். 2001-இல் தொடங்கிய புக்கிராஸிங் என்னும் உலகளாவிய புத்தகப் பரிமாற்றத்தில் இதற்கு இரண்டு வகை சொல்வார்கள். கடைசி ஆள் உடையவரிடம் திருப்பித் தந்தால் வளையம்; திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தால் கதிர். வீட்டு நினைவு நூலுக்கு வளையம்தான் சரி. வாசகர் எழுதிய பக்கங்கள் உங்கள் கைக்கு வராவிட்டால் இவ்வளவு பாடும் எதற்கு? பொது இடத்தில் சும்மா விட்டுவிட்டு வருகிற வழக்கமும் அவர்களிடம் உண்டு. பேருந்து நிலைய பெஞ்சில் நாம் அப்படி விட்டால் மறுநாள் அதில் பருப்பு வடை மடித்துக் கொடுப்பார்கள்.

முழுக் கரையையும் ஒரே வளையமாக்காதீர்கள். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். ஒரு ஊரில் நின்றால் மொத்தமும் நின்றது. இப்போது மூன்று சின்ன வளையம். வடக்கே தேவிபட்டினம், மோர்ப்பண்ணை, காரங்காடு, தொண்டி, நம்புதாளை. கிழக்கே உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம். தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி. மூன்றும் ராமநாதபுரத்தில் சந்திக்கும். எல்லா ஊருக்கும் அங்கிருந்து பஸ் உண்டு.

பொறுப்பாளர் பெரிய வாசகராக இருக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவராக, நாலு பேர் வந்து போகும் இடமாக இருந்தால் போதும். சலூன் நல்ல இடம்: காத்திருக்கிறவர் கையில் எதையாவது எடுப்பார். டீக்கடையில் வைக்காதீர்கள். கை ஈரம், பால் சட்டி ஆவி, எப்போதும் அவசரம்.

இங்கே ஒரு தப்பு நடந்தது. முதல் சுற்றில் எங்கள் பொறுப்பாளர்கள் எல்லோரும் ஆம்பளைகள். சலூன், வலைக் கம்பெனி, சங்கக் கட்டடம். ஏழு மாதத்தில் 31 பேர் கையெழுத்து. அதில் பெண்கள் இரண்டு பேர். அவர்களும் பொறுப்பாளர் வீட்டுக்காரிகள். இரண்டாம் சுற்றில் தெற்கு வளையத்தை முழுக்கத் தையல் கடை, மகளிர் குழு, அங்கன்வாடி வழியாக விட்டோம். கீழக்கரையில் ஒரு ராத்தா (அக்கா) தையல் மெஷின் இழுப்பறையிலேயே வைத்துக்கொண்டார். ஜாக்கெட் வாங்க வருகிறவர்களிடம் "இத வாசிச்சிட்டுத் தா, அடுத்த துணியைத் தச்சுத் தாரேன்" என்று சொல்வாராம். அந்தப் பிரதிதான் எதிலும் நிற்காமல் ஓடியது.

ஊர்ப்புற நூலகரிடமும் போய்ப் பேசுங்கள். சுற்றுப் பிரதியை அல்ல, அடிக்கப் போகும் ஐந்தில் தனியாக ஒன்றைப் பார்வைக்குக் கொடுத்து வையுங்கள். நூலகப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் நம் சுற்றுக்கு வராது.

4. காலத்தைக் கடலிடம் கேளுங்கள்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். ஆட்கள் கரையில் இருப்பார்கள், ஏப்ரல் 15 அன்றே தொடங்கலாம் என்று தோன்றும். தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் படகைக் கரையேற்றுவது, இன்ஜினைப் பிரிப்பது, பெயின்ட், வலை என்று ஒருவருக்கும் தலை சொறிய நேரமிருக்காது. மே முதல் வாரத்துக்குப் பிறகு விடுங்கள். நாட்டுப்படகுக்கு இந்தத் தடை இல்லை என்பதால் நாட்டுப்படகு ஊர்களுக்குக் கணக்கு வேறு; அங்கே பொறுப்பாளரைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். தொழிலுக்குப் போய்வந்த மறுநாள் காலையில் போன் போட்டால் தூக்கத்தில் திட்டு வாங்குவீர்கள். எந்த நாள் கரையில் இருப்பார் என்று நோட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

அக்டோபர் பாதி முதல் டிசம்பர் வரை எந்தப் பிரதியும் நகர வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் பஸ் ஜன்னல் வழியே வரும் சாரலே போதும், அட்டை உப்பிவிடும். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரமும் தேவிபட்டினமும், சந்தனக்கூட்டுக்கு ஏர்வாடியும் கூட்டத்தில் திணறும். அந்த வாரங்களில் கைமாற்றத்துக்கு நாள் குறிக்காதீர்கள்.

5. இப்போது அச்சகத்துக்குப் போங்கள்

பொறுப்பாளர்களிடம் பேசிய பிறகு உங்களுக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்கும்: எத்தனை வளையம், வாசிக்கப் போகிறவர்களின் கண் எப்படி, எவ்வளவு எழுதுவார்கள். பிரதி எண்ணிக்கை, எழுத்தளவு, வெற்றுப் பக்கம் மூன்றும் அதிலிருந்து வருகின்றன. நான் 11 புள்ளியில் அடித்த முதல் ஐந்தும் வீண். கண்புரை அறுத்த பெரியவர்கள் "பேத்தி வாசிச்சுச் சொல்லட்டும்" என்று தள்ளி வைத்தார்கள். இப்போது 14.

கம்பிப் பின் அடித்த புத்தகம் வேண்டாம். உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டினால் பின் துருவேறி, அதைச் சுற்றித் தாள் பழுப்பாகி, நடுத்தாள் கழன்று வரும். பசை மட்டும் போட்ட பைண்டிங்கும் பல கை பிரித்து மடக்கினால் பிளந்துவிடும். நூல் தையல் என்று கேட்டு வாங்குங்கள். கூடக் கொஞ்சம் செலவாகும், ஆனால் பழுதானால் உள்ளூர் பைண்டரே மறுபடி தைத்துவிடுவார்.

தாள் சாதாரண 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ. படங்களுக்கு மட்டும் ஆர்ட் பேப்பர் போடலாமா என்று அச்சகத்தில் கேட்பார்கள். பளபளப்பாகத்தான் இருக்கும், ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்து வரும். பழைய போட்டோக்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து அதே மேப்லித்தோவில் அடியுங்கள். முகம் தெரிந்தால் போதும்.

பக்கங்கள் பதினாறு பதினாறாக மடிபடும். எங்கள் 144 பக்கத்தோடு கடைசியில் 16 வெற்றுப் பக்கம் சேர்த்து 160. அந்தப் பதினாறும் கோடு போட்டதாக இருக்கட்டும். கோடில்லாத தாளில் எழுதப் பலருக்குக் கூச்சம்.

மேலே பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். உள்ளே வேர்த்து அட்டையோடு ஒட்டும். பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவது போல் பழுப்புத்தாள் அட்டை போதும், கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

புத்தகம் தனியாகப் போகாமல் ஒரு பனையோலைப் பெட்டியில் போவது நல்லது. மூடி போட்ட பெட்டி, உள்ளே ஒரு பென்சில், வசம்பு நாலு துண்டு (ராமபாணப் பூச்சிக்கு), கூட நாலைந்து பொதுப் புத்தகங்கள். அந்தப் பொதுப் புத்தகங்களில் ஒன்றை எடுப்பவர் தன் வீட்டிலிருந்து ஒன்றை வைக்க வேண்டும். நினைவு நூலுக்கு மட்டும் அந்த விதி கிடையாது. அதற்கு ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். எங்கள் பெட்டிக்குள் இப்படி வந்து சேர்ந்ததில் ஒரு கையெழுத்துச் சமையல் நோட்டும் இருந்தது. வைத்தவர் யாரென்று இன்னும் பிடிபடவில்லை.

ஐந்தில் மூன்று சுற்றுக்கு, ஒன்று பார்வைக்கு, ஒன்று வீட்டில். வீட்டில் இருப்பதை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சொந்தக்காரர்தான் முதலில் கேட்பார்.

6. முன் அட்டைக்குள் சீட்டு ஒட்டுங்கள்

புத்தகத்தைக் கையில் எடுக்கிற முன்பின் தெரியாத ஆளுக்கு நீங்கள் பக்கத்தில் இருந்து விளக்க முடியாது. சீட்டுதான் பேச வேண்டும். எங்களுடையது இது:

"இது மூன்றாம் பிரதி. விலைக்கு இல்லை. 21 நாள் வைத்து வாசிக்கலாம். வாங்கிய நாளையும் கொடுத்த நாளையும் கடைசிப் பக்கத்தில் எழுதவும். அடுத்து யாருக்கு என்று தெரியாவிட்டால் இந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், ஆள் வந்து வாங்கிக்கொள்ளும்."

"தயவுசெய்து திருப்பித் தரவும்" என்று முதலில் போட்டிருந்தேன். திருப்பி என்றால் யாருக்கு, எங்கே? அதில் நாளும் இல்லை, வழியும் இல்லை. கடைசி வரிதான் வேலை செய்கிறது. காசு செலவில்லாமல் கையைக் கழுவிக்கொள்ள ஒரு வழி கொடுத்தால் மனிதர்கள் ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறார்கள். பிரதி எண்ணை 17-ஆம் பக்கத்தின் ஓரத்திலும் எழுதி வையுங்கள். சீட்டு உரிந்துபோனாலும் எது எதுவென்று தெரியும்.

7. கைமாற்றும் முறை

கைக்குக் கைதான் முதல் வழி. கொடுக்கிறவர், வாங்குகிறவர், பொறுப்பாளர் மூவரும் ஒரே வாட்ஸாப் குழுவில் இருக்க வேண்டும். கொடுத்த அன்று புத்தகத்தையும் வாங்கியவர் கையையும் சேர்த்து ஒரு படம். முகம் வேண்டாம், பெண்கள் பலருக்கு அதில் தயக்கம் உண்டு.

ஊர் விட்டு ஊருக்கு, அந்த வழியாகத் தினமும் போய்வரும் ஆள் யார் என்று பாருங்கள். மீன் கம்பெனி வண்டி வேண்டாம். ஐஸ் தண்ணீரும் வாடையும் ஏறிய புத்தகத்தை எந்த வெயிலாலும் மீட்க முடியாது. டியூட்டிக்குப் போகும் டீச்சர், நர்ஸ், வங்கி ஊழியர் சரியான ஆட்கள். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவார்கள், பையில் இடமும் இருக்கும்.

வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்புவதானால் ஸ்பீடு போஸ்ட். 13 எழுத்து கொண்ட கண்காணிப்பு எண்ணை ரசீதோடு படமெடுத்துப் பெறுபவருக்கும் அனுப்பிவிடுங்கள். உள்ளே பாலிதீன் உறை, அதற்கு மேல் இரண்டு பக்கமும் கெட்டி அட்டை, பிறகு துணிக்கவர். அட்டை வைக்காமல் அனுப்பிய ஒன்று நாலு மூலையும் நாய்க்காதாக மடங்கிப் போய்ச் சேர்ந்தது.

21 நாள் முடிந்தால் "முடிச்சிட்டீங்களா?" என்று கேட்காதீர்கள். முடிக்காதவர் வெட்கப்பட்டுப் போனை எடுக்க மாட்டார். "வள்ளம் இறக்குற இடம் வந்திருச்சா?" என்று கேளுங்கள். வந்திருந்தால் பேசுவார், வராவிட்டால் இன்னும் பத்து நாள் கேட்பார். கொடுத்துவிடுங்கள்.

8. வெற்றுப் பக்கத்தில் எழுத வைப்பது

"உங்கள் கருத்தை எழுதவும்" என்று போட்டால் "அருமை", "மிக அருமை", "வாழ்த்துகள்" மூன்றுதான் வரும். முதல் சுற்றில் ஒன்பது பக்கம் அருமை சேர்த்திருக்கிறேன். ஒன்றுக்கும் உதவவில்லை.

கேள்வியாகக் கேளுங்கள். இதிலுள்ள எந்தப் பொருளுக்கு உங்கள் ஊரில் வேறு பேர்? எந்த வருஷம் தப்பு? இதில் வருகிற யாரை உங்களுக்குத் தெரியும்? இதில் யாரைக் காணோம்? வெற்றுப் பக்கங்களின் தலையில் பக்கத்துக்கொன்றாக இந்த நாலையும் அச்சிட்டோம். அடுத்த சுற்றில் வந்தவை வேறு ரகம்.

பாம்பனில் ஒருவர்: "பக்கம் 98. கலப்பத்துக்குப் பஞ்சு மட்டும் சொல்லியிருக்கு. குங்கிலியம் காய்ச்சுறத எழுதவே இல்ல. அதுதான கஷ்டம்." உண்மைதான். அய்யா அதைச் சொல்லவில்லை. கேட்டபோது, "அது தெரியாத ஆளு யாரு?" என்றார்.

வாலிநோக்கத்திலிருந்து, நீல மையில், யாரென்று கையெழுத்துக்கூட இல்லாமல்: "பக்கம் 44-ல் வள்ளம் இறக்கிய அன்று பொங்கல் வைத்துக் கும்பிட்டார்கள் என்று இருக்கிறது. வைத்தது யார்?"

வைத்தது அம்மா. 144 பக்கத்தில் அம்மாவின் பெயர் மூன்று இடத்தில்தான் வருகிறது என்பதை அதற்குப் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். அம்மாவிடம் போய் அந்தப் பக்கத்தைக் காட்டினால், "முப்பது படி அரிசி. விறகு ஈரம். அத எழுதிக்கிறியா?" என்று கேட்டார். இப்போது ஐந்தாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

எழுதத் தயங்குகிறவர்கள் குரல் பதிவாக அனுப்பலாம் என்று சீட்டில் சேருங்கள். அதைக் கேட்டு எழுதி, அடுத்த முறை அந்த ஊருக்குப் பிரதி போகும்போது அவர் சொன்னதை அவர் பெயரோடு தாளில் ஒட்டி அனுப்புங்கள். தன் சொல் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்த ஆள் அடுத்து ரெண்டு பேரைக் கூட்டிவருவார்.

திருத்தம் வந்தவுடன் மூலத்தை மாற்றிவிடாதீர்கள். இரண்டு பேர், இரண்டு ஊரிலிருந்து, ஒருவரையொருவர் கேட்காமல் சொன்னால் மாற்றலாம். ஒருவர் மட்டும் சொன்னால் அது அவர் ஊர் வழக்கமாக இருக்கலாம்; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

9. நின்றால், நனைந்தால்

இரண்டு மாதம் அசைவில்லை என்றால் நேரில் போங்கள். போனில் "நாளைக்குத் தாரேன்" என்பது நீண்டுகொண்டே போகும். போகும்போது கையில் வேறொரு புத்தகம் கொண்டு போங்கள். மாற்றாகக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தால் கேட்டு வந்தது போல் இருக்காது.

நனைந்ததை வெயிலில் வைக்காதீர்கள். தாள் நெளிந்து முறுக்கிக்கொள்ளும், தையல் பசை விட்டுவிடும். நிற்க வைத்து, பக்கங்களை விசிறி போல விரித்து, நிழலில் மின்விசிறி காற்றில் விடுங்கள். இடையிடையே அச்சில்லாத வெள்ளைத்தாள் செருகி, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். செய்தித்தாள் செருகினால் மை ஒட்டும். முக்கால் காய்ந்ததும் பலகை வைத்து அழுத்தி ஒரு ராத்திரி விட வேண்டும். கடல்தண்ணீர் பட்டதென்றால் மெனக்கெட வேண்டாம். உப்பு உள்ளே இருக்கும் வரை தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வாசகர் பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டு புதுப் பிரதி போடுங்கள்.

10. வளையம் முடிந்து வந்த பிறகு

வந்த அன்றே வாசகர் பக்கங்கள் பதினாறையும் ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் எழுத்து உரசி உரசி மங்கும். கையெழுத்துப் பட்டியலில் தேதிகளுக்கு இடையே எங்கே பெரிய இடைவெளி என்று பாருங்கள். அடுத்த சுற்றில் பொறுப்பாளரை மாற்ற வேண்டிய ஊர் அதுதான்.

பக்கம் தீர்ந்துவிட்டால் புதுப் புத்தகம் வேண்டாம். பைண்டரிடம் கொடுத்து இன்னொரு பதினாறைத் தைத்துச் சேர்த்தால் ஆயிற்று. பழைய குறிப்புகளைப் பார்த்துத்தான் புதியவர்கள் எழுதுகிறார்கள். வெறும் பக்கத்தைப் பார்த்தால் மறுபடி அருமையில் ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் மூன்றாம் பிரதி இப்போது தொண்டியில் ஒரு சலூனில் இருக்கிறது. கெடு தாண்டி ஒன்பது நாள். கடைக்காரர் அண்ணன் நல்ல மனிதர்தான். இன்று செவ்வாய், கடை விடுமுறை என்பதால் நாளைக் காலை போய்ப் பார்க்க வேண்டும். கையில் கொண்டுபோக வேறு புத்தகம் எடுத்து வைத்துவிட்டேன்.